எலியை உயிரோட புடிச்சு வெளிய விடறது எப்படி? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர் "எந்த எலி மருந்து நல்லது"ன்னு கேட்டிருந்தார், மருந்தே வேணாம், கூண்டு வச்சு உயிரோட புடிச்சு வெளிய விட்டுடுங்கன்னு ஒரே வரில பதில் போட்டேன். அவ்ளோதான். அதுக்கப்புறம் வந்த கடிதம் எல்லாமே எலிதான். எந்தக் கூண்டு, எங்க வைக்கறது, புடிச்சதை எங்க கொண்டுபோய் விடறது, விட்டா திரும்பி வராதா, இதுக்கு மருந்தே பரவால்லன்னு கோபமா ஒருத்தர். சரி, இந்தத் தடவை பக்கம் முழுக்க எலிக்கே ஒதுக்கியாச்சு.

கேள்வி: அக்கா, ராத்திரி ஆனா சமையலறையில சரசரன்னு சத்தம். ஒரு நாள் லைட்டைப் போட்டதும் அடுப்புக்குப் பின்னாடி ஒண்ணு ஓடி ஒளிஞ்சுது, ரொம்பச் சின்னதுதான். வீட்ல பெரியவங்க மருந்து வைன்னு சொல்றாங்க, எனக்கு மனசு வரல, அதோட ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க, கண்டதை எடுத்து வாயில வைக்கிற வயசு. கூண்டுல புடிக்கறதுன்னா எப்படி ஆரம்பிக்கணும்? ஒண்ணுமே தெரியாது, முதல்ல இருந்து சொல்லுங்க.

முதல்ல வந்திருக்கறது யாருன்னு பாருங்க, அதுக்கேத்த மாதிரிதான் கூண்டு. சுண்டெலின்னா உடம்பு மட்டும் 7-ல இருந்து 10 சென்டிமீட்டர், எடை 12-ல இருந்து 30 கிராமுக்குள்ள, காது பெருசா விரிஞ்சு நிக்கும், வால் கிட்டத்தட்ட உடம்பு நீளமே இருக்கும். புழுக்கை 3-ல இருந்து 6 மில்லிமீட்டர், ரெண்டு முனையும் கூரா இருக்கும். புழுக்கை 1 சென்டிமீட்டரைத் தாண்டிப் போச்சுன்னா அது பெரிய எலி. சிலசமயம் பெரிய எலியோட குட்டியைப் பாத்துட்டு சுண்டெலின்னு நினைச்சுடுவோம், அதுக்குத் தலையும் பின்னங்காலும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாம பெருசா இருக்கும், அதை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம்.

மூக்கு நீளமா கூரா நீட்டிக்கிட்டு, கண்ணு இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்குச் சின்னதா, கீச் கீச்னு சத்தம் போட்டுக்கிட்டு சுவரை ஒட்டியே ஓடி, போன இடமெல்லாம் ஒரு நாத்தம் விட்டுட்டுப் போச்சுன்னா அது எலியே கிடையாது, மூஞ்சூறு. அது கரப்பான்பூச்சி, பூச்சி புழுன்னு திங்கற ஜாதி, உங்க வயரைக் கடிக்காது, துணியைக் கிழிக்காது. கதவைத் திறந்து வச்சு ஒரு ஓரமா வழி விட்டா தானா போயிடும். கூண்டுல தெரியாம மாட்டிக்கிச்சுன்னா உடனே விட்டுடுங்க, அதால ரொம்ப நேரம் சாப்பிடாம தாக்குப் பிடிக்க முடியாது.

உங்க கடிதத்தைப் படிச்சா சுண்டெலி மாதிரிதான் தெரியுது. அதுக்கு நம்ம வழக்கமான பெரிய கம்பிக்கூண்டு சரிப்படாது, கம்பிக்கு நடுவுல இருக்கற இடைவெளி வழியாவே சாப்பாட்டையும் எடுத்துக்கிட்டு வெளிய வந்துடும். சுண்டெலிக்குன்னே சின்னதா டியூப் மாதிரி பிளாஸ்டிக் கூண்டு வருது, உள்ள போனதும் எடை தாங்காம சாய்ஞ்சு கதவு மூடிக்கும். தகரப் பெட்டி மாதிரி, ஒண்ணுக்கு மேல புடிக்கிற வகையும் இருக்கு. எதை வாங்கினாலும் வாங்கின உடனே விரலால ரெண்டு தடவை தட்டிப் பாருங்க, கதவு டப்புன்னு முழு வேகத்துல விழுந்தா வாலோ காலோ நசுங்கும். மெதுவா மூடி நல்லா லாக் ஆகறதா பாத்து எடுங்க. காத்துப் போக ஓட்டை இருக்கான்னும் பாருங்க, சிலதுல அது பேருக்குத்தான் இருக்கு.

வைக்கிற இடம். ஹால் நடுவுல கொண்டுபோய் வச்சுட்டு ஏன் சிக்கலன்னு கேட்டா எப்படி. சுண்டெலி திறந்த இடத்துல நடக்கவே பயப்படும், மீசையாலயும் உடம்பு ஓரத்து முடியாலயும் சுவரைத் தொட்டுக்கிட்டேதான் போகும், அதனால கூண்டு சுவரை ஒட்டி இருக்கணும், வாய்ப்பக்கம் அது வர்ற பாதையைப் பாத்து இருக்கணும். புழுக்கை எங்க அதிகமா கிடக்குதோ அதுதான் பாதை. கூடு இருக்கற இடத்துல இருந்து பெரும்பாலும் 3-ல இருந்து 10 மீட்டருக்குள்ளயேதான் சுத்தும், அதனால வீடு பூரா வைக்க வேணாம், புழுக்கை பாத்த இடத்துலயே ரெண்டு மூணு கூண்டா நெருக்கமா வச்சா பலன் ஜாஸ்தி.

உள்ள வைக்க சீஸ்தான் வேணும்னு படத்துல காட்றதை எல்லாம் நம்பாதீங்க, அதுக்குக் கொழுப்பும் தானியமும்தான் ரொம்பப் புடிக்கும். வேர்க்கடலை வெண்ணெய் ஒரு பட்டாணி அளவு போதும், கடைசி முனையில தடவி வைங்க, தூக்கிட்டு ஓட முடியாது, நக்கிக்கிட்டே நிக்கணும், அதுக்குள்ள கதவு மூடிடும். கூடவே ஒரு சின்ன ஆப்பிள் துண்டோ வெள்ளரிக்காய் துண்டோ போட்டுடுங்க, அது தண்ணிக்கு. கிழிச்ச டிஷ்யூ பேப்பர் கொஞ்சம் உள்ள போட்டா அதுக்குள்ள பதுங்கிக்கும், குளிரும் தெரியாது பயமும் குறையும்.

இப்ப சொல்லப்போறது இந்தப் பதில்லயே முக்கியமானது, இதைச் செய்ய முடியாதுன்னா கூண்டே வாங்காதீங்க. கூண்டை அடிக்கடி போய்ப் பாக்கணும். 20 கிராம் உடம்புல சேமிப்புன்னு ஒண்ணும் கிடையாது, சூடு சீக்கிரம் போயிடும், பயத்துலயே துடிச்சுக்கிட்டு இருக்கும், சாயங்காலம் மாட்டினதை அடுத்த நாள் மத்தியானம் போய்ப் பாத்தா உள்ள செத்துக் கிடக்கும், அதுவும் அடிச்சுக் கொல்றதை விட மோசமான சாவு. அதனால இருட்டற நேரத்துல வைங்க, தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, எழுந்ததும் முதல் வேலையா பாருங்க. பகல்ல கதவை மூடி வச்சுடுங்க. ஊருக்குக் கிளம்பறீங்கன்னா கூண்டை எடுத்துப் பரண்ல போட்டுட்டுக் கிளம்புங்க.

மருந்து வைக்கலாம்னு சொல்றவங்ககிட்ட இதைச் சொல்லுங்க: கடையில கிடைக்கற எலி மருந்துல நிறைய, ரத்தம் உறைய விடாம பண்றது. தின்ன உடனே சாகாது, பல நாள் உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு சாகும், சாகறதும் எங்கயோ அலமாரிக்குப் பின்னாடியோ ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளயோ, நாத்தம் வந்தப்புறம்தான் தெரியும். அந்த எலியைத் தின்ன பூனைக்கும் ஆந்தைக்கும் அதே விஷம் போய்ச் சேரும். சின்னப் பசங்க இருக்கற வீட்ல இதைப் பத்தி நான் மேல பேசவே வேண்டியதில்லை.

கேள்வி: சுண்டெலி ஒண்ணு கூண்டுல மாட்டியாச்சு சார். இப்ப இதை எங்க கொண்டுபோய் விடறது? பக்கத்துல விட்டா திரும்ப வந்துடும், ரொம்ப தூரம் கொண்டுபோனா செத்துடும்னு சொல்றாங்க. எது சரி?

ரெண்டுமே சரி, அதான் சிக்கல்.

சுண்டெலிக்குத் தன்னோட இடம் அத்துப்படி. எங்க சாப்பாடு, எந்தச் சந்துல நுழைஞ்சா தப்பிக்கலாம், எல்லாம் மனப்பாடம். அதைத் தூக்கிட்டுப் போய் முன்ன பின்ன தெரியாத ஒரு வெட்டவெளில கொட்டினா பெரும்பாலும் பூனைக்கோ ஆந்தைக்கோ இரையாகும், இல்ல அங்க ஏற்கனவே இருக்கற எலிங்க கடிச்சு விரட்டும். காட்டுக்குப் பக்கத்துல விட்டா சந்தோஷமா இருக்கும்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா இது காட்டு எலி கிடையாது, ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் வீட்டையும் தானியக் களஞ்சியத்தையும் ஒட்டியே பொழைச்ச ஜீவன், அதுக்குக் காடு அந்நிய ஊர்.

ஒரு கொட்டகை, விறகுக் குவியல், புதர், கல் அடுக்கின மேடு, இந்த மாதிரி ஒளிஞ்சுக்க இடம் இருக்கற ஏதாவது ஒண்ணு பாருங்க. வீட்டுக்கு ரொம்ப தூரம் வேணாம், நூறு மீட்டர் சுத்தளவுலயே போதும், ஆனா வீட்டு ஓட்டையை எல்லாம் அடைச்சுட்டுத்தான் விடணும். அடைக்காம பக்கத்துல விட்டா நீங்க கேட்டை மூடறதுக்குள்ள அது உள்ள இருக்கும். தூரமா கொண்டுபோய்த்தான் ஆகணும்னா அங்க அடுத்தவங்க வீடு இல்லாத இடமா பாருங்க, நம்ம தொல்லையை இன்னொருத்தர் தலைல கட்டக் கூடாது. பிடிச்ச பிராணியை வேற இடத்துல கொண்டுபோய் விடறதுக்குச் சில நாடுகள்ல சட்டமே இருக்கு, வெளிநாட்ல இருக்கறவங்க உள்ளூர் விதியை ஒரு தடவை பாத்துக்கங்க.

நேரம் சாயங்காலம் இருட்டறப்ப, அது முழிச்சிருக்கற நேரம், பகல்ல விட்டா காக்காவும் பருந்தும் பாத்துக்கிட்டே இருக்கும். கொட்டுற மழைல, கடுங்குளிர்ல வேணாம். கொண்டுபோகும்போது கூண்டு மேல ஒரு துணியைப் போட்டு மூடுங்க, இருட்டா இருந்தா அடங்கி உக்காரும். அங்க போய் கூண்டைத் தரையில படுக்க வச்சு, வாய்ப்பக்கம் புதரைப் பாத்து வச்சு, கதவைத் திறந்துட்டு நீங்க தள்ளி நில்லுங்க. உதறாதீங்க, வாலைப் புடிச்சு இழுக்காதீங்க, வால் தோல் அப்படியே உரிஞ்சு கையோட வந்துடும். சிலது உடனே பாயும், சிலது மூக்கை மட்டும் வெளிய நீட்டி மீசையை ஆட்டி ஆட்டி மோந்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருக்கும், கூண்டை அப்படியே விட்டுட்டு ஒரு ஓரமா உக்காருங்க, அதுவா வரும். உள்ள போட்ட டிஷ்யூவையும் மிச்ச சாப்பாட்டையும் அங்கயே புதர் அடியில வச்சுட்டு வாங்க, முதல் ராத்திரிக்கு உதவும்.

ஒண்ணு, வெள்ளை எலி, புள்ளி போட்ட எலின்னு யாரோ வளத்தது தப்பிச்சு வந்து மாட்டிச்சுன்னா அதை வெளிய விடாதீங்க. அதுக்குப் பொழைக்கத் தெரியாது. அக்கம்பக்கத்துல விசாரிங்க.

கேள்வி: நான் ஒவ்வொண்ணா புடிச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கேன், எண்ணிக்கை குறையவே மாட்டேங்குது. அதே எலிதான் திரும்பத் திரும்ப வருதுன்னு எனக்குச் சந்தேகம். என் பையன், அப்பா உங்களுக்கும் அதுக்கும் டிராவல் ஏஜென்சி ஒப்பந்தமான்னு கேக்கறான்.

பையன் கேக்கறது நியாயம்.

அதே எலி வரலாம், அதோட அக்கா தங்கச்சி வரலாம், காலியான இடத்தைப் பாத்துப் புதுசா குடி வர்றதும் இருக்கும். எது வந்தாலும் வழி ஒண்ணுதான் சார், அந்த ஓட்டை. நீங்க புடிக்கறதுல காட்டுற அக்கறையில பாதி அடைக்கறதுல காட்டினா இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீங்க. சுண்டெலி பெருகுற வேகம் தெரியுமா, வயித்துல குட்டி தங்கறது 3 வாரம்தான், ஒரு ஈத்துக்கு அஞ்சாறு குட்டி சாதாரணம், அந்தக் குட்டி ஆறு வாரத்துக்கெல்லாம் பருவத்துக்கு வந்துடும். இந்த வேகத்தோட போட்டி போட்டு ஒவ்வொண்ணா கூண்டுல புடிச்சு ஜெயிக்கவே முடியாது.

6 மில்லிமீட்டர் சந்து இருந்தா சுண்டெலிக்குப் போதும். ஒரு பென்சில் எடுத்துக்கங்க, பென்சில் நுழையற ஓட்டை எல்லாத்துலயும் சுண்டெலி நுழையும்னு வச்சுக்கங்க. அந்தப் பென்சிலைக் கையில வச்சுக்கிட்டு, டார்ச் லைட்டோட, தரையில முட்டி போட்டு வீட்டை ஒரு சுத்து சுத்தணும், நின்னுக்கிட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. சிங்க்குக்குக் கீழ பைப் சுவருக்குள்ள போற இடம்தான் முதல் குற்றவாளி, பிளம்பர் பெருசா ஓட்டை போட்டுட்டு மேல ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி மூடி வச்சிருப்பாரு, அந்த வளையத்தை நகத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள முழுசா சுரங்கமே இருக்கும். அடுத்தது ஏசி பைப் வெளிய போற ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன் சந்து, வாஷிங் மெஷின் தண்ணி வெளிய போற இடம், கேபிள் வயர் உள்ள வர்ற ஓட்டை. அப்புறம் வாசக்கதவுக்கு அடியில, பகல்ல உள்ள நின்னு பாத்தா வெளிச்சம் கோடு மாதிரி தெரியுதுன்னா அது அவங்களுக்கு ராஜபாட்டை.

எந்த ஓட்டை வழியா வருதுன்னு தெரியலன்னா, சந்தேகப்படற ஓட்டைக்கு முன்னாடி ராத்திரி கொஞ்சம் மாவு இல்ல டால்கம் பவுடர் மெல்லிசா தூவி வைங்க. காலைல பாத்தா சின்னச் சின்னக் கால் தடமும் நடுவுல வால் இழுத்த கோடும் தெரியும். ரொம்ப நாளா நடக்கற பாதைல சுவர் ஓரம் கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஏறியிருக்கும், அது அதோட உடம்புல இருக்கற பிசுக்கு.

அடைக்கறதுக்கு வெறும் தெர்மாகோல், துணி, பேப்பர், ஸ்பிரே பண்ணா உப்பிக்கிட்டு வர்ற அந்த நுரை, இதெல்லாம் அதுக்கு ஒரு ராத்திரி வேலை, பல்லு வளந்துக்கிட்டே இருக்கறதால எதையாவது கொறிச்சே ஆகணும். பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை ஓட்டைக்குள்ள இறுக்கமா திணிச்சு அது மேல சிமென்டோ சிலிக்கானோ பூசிடுங்க. கம்பி நார் ஈரத்துல துருப் புடிக்கும், அதனால சிங்க் பக்கம் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரா பாத்து வாங்குங்க. பெரிய ஓட்டைக்கு, ஜன்னலுக்கு, கம்பி வலை, கண்ணு 6 மில்லிமீட்டருக்குள்ள இருக்கறதா. கதவுக்கு அடியில ரப்பர் பட்டையை விட உலோகப் பட்டையோ கனமான பிரஷ் பட்டையோ நல்லது.

வாடகை வீடா இருந்தா ஓனர்கிட்ட கேட்டுட்டு அடைங்க, கேட்டா பெரும்பாலும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, காசு தரத்தான் யோசிப்பாங்க. அபார்ட்மெண்டா இருந்தா பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கங்க, ஒரே பைப் சந்து எல்லா மாடிக்கும் போகுது, நீங்க ஒருத்தர் அடைச்சா அவர் வீட்டுக்குக் கூட்டம் ஜாஸ்தியாகும், அப்புறம் லிஃப்ட்ல முகம் குடுத்துப் பேச மாட்டாரு.

கடைசியா சாப்பாடு. ஒரு நாளைக்கு 3, 4 கிராம் கிடைச்சா அதுக்கு வயிறு நிறைஞ்சுடும், அடுப்புக்கு அடியில சிந்திக் கிடக்கறதே அவ்ளோ இருக்கும். தானியத்தை கண்ணாடி இல்ல தகர டப்பால போடுங்க, மெல்லிசு பிளாஸ்டிக் டப்பாவைக் கொறிச்சு ஓட்டை போடும். நாய்க்கும் பூனைக்கும் வைக்கிற தட்டை ராத்திரி எடுத்து வச்சுடுங்க, அதை நிறைய பேர் மறந்துடறாங்க.

கேள்வி: அவசரம்! பசை அட்டையில ஒரு குட்டி எலி ஒட்டிக்கிச்சு, உயிரோட கத்துது. பாக்க சகிக்கல. என்ன செய்யறது? வச்சது நான் இல்ல, வீட்டுக்காரர்.

உங்களுக்கு அப்பவே தனியா பதில் போட்டாச்சு, மத்தவங்களுக்காக இங்கயும். கனமான கையுறை போடுங்க, அது பயத்துல கடிக்கும். முகத்தை ஒரு மெல்லிசுத் துணியால லேசா மூடினா கொஞ்சம் அடங்கும். காத்து ஓட்டை போட்ட ஒரு ஆழமான டப்பாக்குள்ள அட்டையை வைங்க. சமையல் எண்ணெய், எந்த எண்ணெயா இருந்தாலும் சரி, பஞ்சுல தொட்டு ஒட்டியிருக்கற இடத்துல மட்டும் ஓரத்துல இருந்து தடவிக்கிட்டே வாங்க, மூக்கு வாய்ல படாம. பசை கொஞ்ச நேரத்துல இளகும். இழுக்காதீங்க, அதுவா கால் எடுத்து வரட்டும், இழுத்தா தோல் கிழியும் எலும்பு முறியும். வெளிய வந்ததும் எண்ணெயை டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு, உடம்பு காயற வரைக்கும் வெதுவெதுப்பா ஒரு டப்பால வச்சிருந்து அப்புறம் விடுங்க. கால் உடைஞ்சிருக்கு, தோல் உரிஞ்சிருக்குன்னா கால்நடை மருத்துவர்கிட்டதான் போகணும், வலியில்லாம முடிக்கறதா இருந்தாலும் அவர்தான் செய்யணும்.

மிச்சம் இருக்கற பசை அட்டையை எல்லாம் மடிச்சு குப்பைல போடச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரரை. நியூசிலாந்து 2015-லயே இதை அனுமதி இல்லாம யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னு கட்டுப்படுத்திடுச்சு, வேல்ஸ் 2023-ல தடை பண்ணிடுச்சு, இங்கிலாந்துல 2024 ஜூலைல இருந்து லைசென்ஸ் இல்லாத ஆள் வச்சா குத்தம். எலி மட்டும் இல்ல, பல்லி, குருவி, பாம்புக்குட்டி எல்லாம் அதுல ஒட்டும்.

கேள்வி: பிளக்ல மாட்டினா சத்தம் விட்டு எலியை விரட்டற மெஷின் வாங்கலாமா? புதினா எண்ணெய் தெளிச்சா போயிடும்னு வீடியோல சொல்றாங்களே?

மெஷினுக்குக் காசு போட வேணாம். அதுல இருந்து வர்ற சத்தம் சுவரையும் சோபாவையும் தாண்டிப் போகாது, போற இடத்துலயும் எலி ரெண்டு மூணு நாள்ல பழகிடும். அமெரிக்காவுல வணிக விளம்பரங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு 2001-லயே இந்த மெஷின் தயாரிக்கறவங்க, விக்கறவங்கன்னு 60-க்கு மேல ஆளுங்களுக்கு, நீங்க சொல்றதுக்கு அறிவியல் ஆதாரம் இருக்கணும்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சுது, இன்னைக்கும் அதே விளம்பரம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. புதினா எண்ணெய் வீட்டை வாசமா வச்சுக்கும்.

கேள்வி: பழைய துணிப் பெட்டியைத் திறந்தா உள்ள ரோஸ் கலர்ல கண்ணு திறக்காத குட்டிங்க, ஏழெட்டு இருக்கும். அம்மா எலியைக் காணோம். கை வைக்கவும் பயமா இருக்கு, வெளிய போடவும் மனசு இல்ல.

பெட்டியை மெதுவா மூடிட்டு வெளிய வாங்கம்மா. தாய் பக்கத்துலதான் எங்கயாவது பதுங்கியிருக்கும். கூடு கலைஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரியே ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு வேற இடத்துக்கு மாத்திடும். அதுக்கு வழி விட்டு லைட்டை அணைச்சுட்டு ரூம் கதவைச் சாத்திடுங்க.

கண்ணு திறக்க ரெண்டு வாரம் ஆகும், பால் மறந்து தானா சாப்பிட மூணு வாரத்துக்கு மேல ஆகும். அதுக்கு முன்னாடி தாயை மட்டும் புடிச்சு எங்கயோ விட்டுட்டீங்கன்னா குட்டிங்க உள்ளயே பட்டினில சாகும், நாத்தமும் உங்களுக்குத்தான். கூண்டுல மாட்டின பெண் எலிக்கு வயித்துல பால் காம்பு தெளிவாத் தெரிஞ்சு சுத்தி முடி உதிர்ந்திருந்தா பால் குடுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், பிடிச்ச இடத்துலயே விட்டுடுங்க. பொறுத்துக்கங்க, ஒரு மூணு நாலு வாரம் கழிச்சு எல்லாத்தையும் சேத்துப் புடிச்சு ஒரே இடத்துல விடலாம். பொறுக்கவே முடியாது, அந்தப் பெட்டி இன்னைக்கே வேணும்னா, கூட்டை அப்படியே கையுறையோட அலுங்காம தூக்கி ஒரு சின்ன அட்டைப் பெட்டில வச்சு, ஓரத்துல ஓட்டை போட்டு, அதே இடத்துக்குப் பக்கத்துலயே சுவரோரமா வைங்க. அம்மா தேடி வரும்.

கேள்வி: வாரக்கணக்கா கூண்டு வச்சிருக்கேன், சாப்பாடு அப்படியே இருக்கு, கூண்டைச் சுத்தி மட்டும் புழுக்கை இருக்கு. என்னைக் கிண்டல் பண்ணுதா?

புழுக்கையோட சைஸைப் பாருங்க. சுண்டெலிக்குப் புதுசா எதைப் பாத்தாலும் போய் மோந்து பாக்கற குணம், பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு ராத்திரிலயே சிக்கிடும். பெரிய எலி அப்படி இல்ல, தெரியாத சாமானைப் பாத்தா நாள்கணக்குல கிட்டயே வராது. பெரிய எலின்னா பெரிய கம்பிக்கூண்டா எடுத்து, கதவு விழாத மாதிரி கம்பியால கட்டிவிட்டு, உள்ள தினமும் சாப்பாடு மட்டும் வச்சுக்கிட்டே வாங்க. பயமில்லாம உள்ள போய் சாப்பிட்டுட்டு வர ஆரம்பிச்சதும் கட்டை அவுத்துடுங்க.

சுண்டெலிதான், ஆனா வரலன்னா வெளிய அதை விட நல்ல சாப்பாடு கிடைக்குதுன்னு அர்த்தம். ராத்திரி சிங்க்ல பாத்திரம் கழுவாம கிடக்கா?

கேள்வி: இவ்வளவு மெனக்கெட்டு வெளிய விட்டாலும் பாதி சாகத்தான் போகுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இது நம்ம மனசாட்சிக்காகப் பண்ற நாடகம் தானே?

வெளிய கொண்டுபோய் எங்கயோ உதறிட்டு கையைத் துடைச்சுக்கிட்டு வந்தா நாடகம்தான், ஒத்துக்கறேன். ஓட்டையை அடைச்சு, பக்கத்துலயே மறைவிடம் பாத்து, நேரம் பாத்து விட்டா அதுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கு. விஷத்துலயும் பசையிலயும் அதுகூட இல்ல. உயிரோட புடிக்கறதை விட ஒரே அடியில கழுத்துல விழற நல்ல ஸ்பிரிங் பொறியே மேல்னு வாதாடறவங்க இருக்காங்க, அவங்க சொல்றதுல விஷயம் இல்லாம இல்ல, நாள்கணக்குல கூண்டைத் திறந்து பாக்காத வீட்ல அதுதான் உண்மை. என்னைக் கேட்டா முதல் இடம் அடைக்கறதுக்கு, உள்ள மாட்டிக்கிட்ட ஒண்ணு ரெண்டுக்குத்தான் கூண்டு. நூறு எலி ஓடற கிடங்குக்கு இந்தப் பக்கத்துல பதில் கிடையாது.

கேள்வி: பூனை வளத்தா போதுமா?

பூனை எலியைக் கூண்டுல புடிச்சு சாயங்காலமா பாத்து விடாது. பூனை வேணும்னா பூனைக்காக வளருங்க.

கேள்வி: இப்ப, இந்த நிமிஷம், என் பெட்ரூமுக்குள்ள ஒண்ணு ஓடுது. கூண்டெல்லாம் இல்ல. கட்டில் மேல உக்காந்து எழுதறேன்.

முதல்ல கதவைச் சாத்தி அடியில துண்டைச் சுருட்டி வைங்க. ஒரு நீளமான அட்டைப் பெட்டியை ஒரு பக்கம் திறந்து சுவரோரமா படுக்க வைங்க, திறந்த பக்கம் எலி ஓடி வர்ற திசையைப் பாத்து. எதிர்ப்பக்கத்துல இருந்து துடைப்பத்தைத் தரையில மெதுவா தட்டிக்கிட்டே சுவரோரமா நகந்து வாங்க, அடிக்க வேணாம், துரத்த வேணாம், அதுவே இருட்டா ஒரு பொந்து தெரியுதுன்னு பெட்டிக்குள்ள போகும். போனதும் பெட்டியை நிமித்தி வைங்க, வாயை ஒரு அட்டையால மூடுங்க. எகிறிக் குதிக்கும், ஒரு அடி உயரம் அதுக்குச் சாதாரணம், அதனால மூடி கையோட இருக்கணும்.

ஆள் அசதியா இருந்தா, ஆழமான பக்கெட் ஒண்ணு சுவரோரமா வச்சு அடியில துண்டு, கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய், வெளிய இருந்து விளிம்பு வரைக்கும் ஏற ஒரு மரப்பட்டையைச் சாய்ச்சு வச்சுட்டுத் தூங்குங்க. பக்கெட் வழவழன்னு, ஒரு அடிக்கு மேல நல்லா உயரமா இருக்கணும். தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, சிலர் ஊத்தி வைக்கறாங்க, அது முக்கிக் கொல்றது.

கேள்வி: கூண்டையும் புழுக்கை கிடந்த இடத்தையும் எப்படிச் சுத்தம் பண்றது? விடும்போது விரல்ல வேற லேசா கடிச்சிருச்சு.

கடிச்ச இடத்தை முதல்ல சோப்புப் போட்டு ஓடற தண்ணில நல்லாக் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க, டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு கேப்பார். எலி, சுண்டெலி கடிச்சு மனுஷனுக்கு ரேபிஸ் வந்ததா தெரியலன்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லுது, அதனால அதை நினைச்சு ராத்திரி தூங்காம இருக்க வேணாம், ஆனா கடிச்ச இடம் வீங்கினா, ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல், மூட்டு வலி, தடிப்புன்னு வந்தா எலி கடிச்சதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

புழுக்கையைக் காய்ஞ்சபடியே துடைப்பத்தால பெருக்காதீங்க, வேக்குவமும் வேணாம், தூசியா பறந்து மூக்குக்குள்ள போகும். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காத்தாட விடுங்க. கையுறை போட்டுக்கிட்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணி கலந்து புழுக்கை மேலயும் மூத்திரம் பட்ட இடத்துலயும் நனையற அளவு தெளிச்சு 5 நிமிஷம் ஊற விட்டு, பேப்பரால துடைச்சு எடுத்து, கவர்ல கட்டிப் போடுங்க. கலந்த தண்ணியை அன்னைக்கே தீத்துடுங்க, வேற கிளீனரோட சேக்காதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க இந்த வேலைக்கே வர வேணாம், சுண்டெலி மூத்திரத்துல இருந்து பரவற ஒரு வைரஸ் வயித்துல இருக்கற குழந்தையைப் பாதிக்கும்.

கூண்டை அதே தண்ணில ஊறப் போட்டுட்டு, நல்லா அலசி வெயில்ல காய வைங்க. எலி வாசம் கொஞ்சம் ஒட்டியிருந்தா பரவால்ல, அடுத்த சுண்டெலிக்கு அது தைரியம் குடுக்கும், ஆனா பிளீச் வாசம் இருந்தா கிட்ட வராது.